சுழலாத வளையம்

அன்புள்ள மகனுக்கு,

நடந்ததை நடந்தபடியே, எனக்குச் சாதகமாக எதையும் விட்டுவிடாமல், இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். ஆறாம் வகுப்பில் தொடங்கி இன்றுவரை தினமும் குறிப்பேடு எழுதுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். மந்தைவெளி வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்க அவைதான். எந்த நாளில் என்ன குழம்பு வைத்தேன், எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது, உனக்கு எப்போது காய்ச்சல் விட்டது எல்லாம் அவற்றில் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேராக மட்டும் "இன்று வெயில் அதிகம்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன். அன்று நான் செய்தது வேறு. அதை எழுதக் கை வரவில்லை. இத்தனை வருடம் அதை மூடிய அறைக்குள் வைத்திருந்ததால், இந்தக் கடிதத்தை மூடி அனுப்ப எனக்கு மனமில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ பெங்களூரிலிருந்து பேசினாய். உங்கள் நிறுவனம் எழுதிக்கொடுத்த மென்பொருளை ஒரு மருத்துவமனையின் மருந்தறையில் பயன்படுத்துகிறார்கள் என்றும், அங்கே ஒரு நோயாளிக்கு ஒரே மருந்து இருமுறை பதிவாகி, இருமுறை ஏற்றப்பட்டுவிட்டது என்றும் சொன்னாய். அந்த நோயாளி இன்னும் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். அதைச் சொல்லும்போது உன் குரல் தாழ்ந்தது. அடுத்த வாக்கியத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. "லாக்ல கிளியரா இருக்கும்மா. அந்த நர்ஸ் ரெண்டு தடவ க்ளிக் பண்ணியிருக்கா. யூசர் எரர். நாளைக்கில்ல, அடுத்த திங்கக்கிழமை நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுடும்" என்றாய். நான் கேட்டேன்: "அவ எதுக்கு ரெண்டு தடவ அழுத்தினா?" நீ சிரித்தாய். "அது எங்க ஸ்கோப்லயே இல்லம்மா." யூசர் எரர் என்பது உன் வாக்கியம் இல்லையடா. என்னுடையது. ஏறக்குறைய அதே சொற்களில் நான் ஒருமுறை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை நீ திங்கட்கிழமைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த அலுவலகம் உனக்கு நினைவிருக்கும். கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள் ஒன்பது பேர். பட்டறையில் இரும்பைக் கடைந்தால் எங்கள் மேசையில் தண்ணீர் டம்ளர் அதிரும். பள்ளி விடுமுறை நாட்களில் உன்னை வீட்டில் தனியே விட முடியாமல் அங்கே கூட்டிப் போவேன். நான் எழுதியவை எல்லாம் மேசைக் கணினியில் ஓடும் சாதாரண மென்பொருள்கள்: மருந்துக்கடைக்கு ஒன்று, திருமண மண்டபத்துக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒன்று. நீ என் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஆறு வயதில் உனக்கு மிகவும் பிடித்தது சுட்டியை அசைத்து அதன் உருவம் மாறுவதைப் பார்ப்பதுதான். எழுதும் பெட்டிக்கு மேலே போனால் மெல்லிய செங்குத்துக் கோடு, அழுத்தக்கூடிய இடத்தில் ஒரு விரல் நீட்டிய கை, சாளரத்தின் விளிம்பில் இருபுறமும் முனை உள்ள அம்பு. "அம்மா, இது ஏன் மாறுது?" என்று கேட்டாய். "அது பேசுதுடா. இங்க எழுதலாம், இங்க அழுத்தலாம், இங்க இழுக்கலாம்னு சொல்லுது" என்றேன். "அப்ப மணல் கடிகாரம்?" "கொஞ்சம் பொறு, எனக்கு வேலை இருக்குன்னு சொல்லுது." நீ உடனே கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அது மறையும்வரை அசையாமல் இருந்தாய். அந்தச் சிறுவன் புரிந்துகொண்டதை நான் ஏழு வருடம் கழித்து மறந்தேன்.

அந்த மணல் கடிகாரம்தான் பின்னாளில் நீல வளையமாயிற்று. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வளையம் எதையும் தடுப்பதில்லை. அது சுழலும்போது நீங்கள் பொத்தானை அழுத்தினால் அழுத்தல் உள்ளே போகத்தான் செய்யும். வளையத்தைப் பார்த்து நிற்பது மனிதருடைய கை. நீண்ட வேலை தொடங்கும்போது நிரல் எழுதுகிறவர் சுட்டியின் வழக்கமான அம்பை வளையமாக மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதை மறுபடி அம்பாக்க வேண்டும். இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு நடுவே ஏதாவது கோளாறு வந்தால், நிரல் கோளாறைக் கவனிக்க வேறு இடத்துக்குத் தாவிவிடும், இரண்டாவது வரியைத் தொடாது. வேலை எப்போதோ நின்றிருக்கும், வளையம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. பரிசோதனை முடிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை மெஹருன்னிசாவுடையது. இருபத்து மூன்று வயது, சைதாப்பேட்டையிலிருந்து வருவாள், எல்லோரும் மெஹர் என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரம் அச்சடித்துத் தரும் தாளைப் பார்த்து ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் எண்ணைத் தட்டி, 'சேமி' பொத்தானை அழுத்துவாள். சேமித்து முடிக்க எட்டுப் பத்து நொடியாகும், பிறகு திரை தானாகவே அடுத்த நோயாளிக்குப் போகும். நீயும் அவளைப் பார்த்திருக்கிறாய். ஒரு சனிக்கிழமை உன்னையும் அங்கே அழைத்துப் போனேன். "வா நைனா, உங்கம்மா செஞ்ச மிஷின நீயே ஓட்டு" என்று தன் நாற்காலியில் உன்னை உட்கார வைத்து, பட்டன் பிஸ்கட் பாக்கெட்டை உன் மடியில் கொட்டினாள். அன்றும் வளையம் மாட்டிக்கொண்டது. "பாருங்க மேடம், ஜிலேபி சுத்திக்கினே கீது. எண்ணெதான் ஊத்தல" என்றாள். நீ வீடு வந்து சேரும்வரை பேருந்தில் ஜிலேபி ஜிலேபி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கூடத்தின் உரிமையாளர் ஒரு மருத்துவர். வளையம் மாட்டிக்கொள்வதைப் பற்றி எங்கள் அலுவலக முதலாளியான எம்.டி.க்கு வாரம் இருமுறையாவது பேசுவார். எம்.டி. என் மேசைக்கு வந்து, "ஏம்மா, சுத்துது சுத்துதுன்னு உயிரை எடுக்கறாரு. இன்னிக்கு ஏதாவது பண்ணிடுங்க" என்றார். சரியான பரிகாரம் எனக்குத் தெரியும். அம்பைத் திரும்பக் கொண்டுவரும் அந்த இரண்டாவது வரியை, வேலை வென்றாலும் தோற்றாலும் கட்டாயம் ஓடுகிற பகுதியில் வைக்க வேண்டும். ஆனால் அந்த மென்பொருளில் நாற்பது திரைகள். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றிச் சோதிக்க இரண்டு நாள் ஆகும். அன்று நாலரை மணிக்கு அடையாற்றில் உன் பள்ளியின் ஆண்டு விழா. நீ எட்டாம் வகுப்பு, நாடகத்தில் உனக்கு மூன்று வசனம். முந்தின வருடம் நான் வராமல் போனதற்கு நீ ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இதை உன்மேல் சுமத்துவதற்காக எழுதவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன். மூன்றரை மணிக்கு எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்தது. நாற்பது திரைகளும் வளையத்தைக் கேட்பது ஒரே இடத்தில்தான். அந்த ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அப்படிப் போட்டால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும்; வரி உறங்கிப் போனது. இனி எந்தத் திரையிலும் வளையமே வராது. வராத வளையம் மாட்டிக்கொள்ளாது அல்லவா. புதிய பிரதியைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு கிண்டியில் பேருந்து பிடித்து ஓடி வந்தேன். உன் மூன்று வசனத்தையும் கேட்டேன்.

மறுநாள் எம்.டி. மகிழ்ச்சியோடு வந்தார். "டாக்டர் போன் பண்ணாரும்மா. இப்ப பறக்குதாம்." வேகம் ஒரு நொடிகூடக் கூடவில்லை. சேமிக்க அதே எட்டுப் பத்து நொடிதான். சுழலாததால் வேகமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கூடத்தில் ஒரு முடிவு தவறாகப் போனது. அடையாற்றில் வசித்த ஒரு பள்ளி ஆசிரியை, நாற்பத்தாறு வயது, சிறுநீரக நோயாளி. அவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துவந்தார்கள். அந்த வாரம் இதயத்தையே நிறுத்தக்கூடிய ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இயந்திரம் அச்சடித்த தாளில் அது சரியாகவே இருந்தது. அவர் கைக்குப் போன அறிக்கையிலோ எண் சாதாரணமாக இருந்தது. அவருடைய மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்புகையில் அவருடைய இதயம் நின்றது. சரியான எண் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அது பறிபோயிற்று என்பதை மட்டும் மறுக்க முடியாது. அவர் கணவர் வந்து கேட்டபோதுதான் தாளையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

எப்படி நேர்ந்தது என்பதை, யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று மென்பொருள் தானே பதிந்துவைக்கும் லாக் கோப்பை எம்.டி. என் மேசையில் வைத்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஆசிரியைக்கு முந்தைய நோயாளியின் எண்ணைத் தட்டி மெஹர் 'சேமி'யை அழுத்தியிருக்கிறாள். வளையம் வரவில்லை. அம்பு அம்பாகவே நின்றது. அழுத்தியது படவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தியிருக்கிறாள். இரண்டாவது அழுத்தல் உள்ளே வரிசையில் காத்திருந்தது. முதல் வேலை முடிந்து திரையில் ஆசிரியையின் பெயர் வந்த கணம், காத்திருந்த அழுத்தல் அவர் பெயர்மீது விழுந்தது. பெட்டியில் முந்தைய ஆளின் எண் இன்னும் அழியாமல் இருந்தது. அதுவே ஆசிரியையுடையதாகப் பதிவாயிற்று. திரை மூன்றாம் ஆளுக்குப் போய்விட்டது. மெஹர் பட்டியலைப் பார்த்திருப்பாள், ஆசிரியையின் பெயருக்கு எதிரே முடிந்ததற்கான குறி இருந்திருக்கும். அன்று அறுபதுக்கு மேற்பட்ட தாள்கள். தானே முடித்துவிட்டோம் என்று எண்ணி அடுத்த தாளை எடுத்திருப்பாள். லாக்கில் இருந்ததெல்லாம் இரண்டு வரி: இரண்டு சேமிப்பு, இரண்டுக்கும் மெஹரின் பெயர், நடுவில் ஒன்பது நொடி.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடத்தின் சின்ன அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம்: டாக்டர், எம்.டி., நான், மெஹர். உண்மையில் மெஹர் உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டார்: "ரெண்டு தடவ அழுத்தினியா இல்லியா?" அவள், "ஞாபகம் இல்ல சார். அழுத்தியிருப்பேன் போல கீது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் அவளுக்குப் பழக்கமான முகம் என்னுடையதுதான். "மேடம், மொதல்ல அது சுத்தும்ல. சுத்துறப்போ நான் தொடவே மாட்டேன். இப்ப கொஞ்ச நாளா சுத்த மாட்டேங்குது. பட்டுச்சா இல்லையான்னே தெரியல. அதனாலதான் ரெண்டாவது வாட்டி அழுத்திட்டேனா மேடம்?"

மகனே, லாக்கும் நிரலும் கையில் இருந்தபோது எனக்கு அரை மணி நேரம் பிடித்ததை அவள் எதுவும் கையில் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?" எம்.டி.யும் பார்த்தார். நான் சொன்னேன்: "அது வெறும் காட்சிக்கு சார். வளையத்துக்கும் சேமிக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வளையம் சேமிப்பதில்லை. எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் ஆம் என்பார். மெஹர் மெல்லத் தலையாட்டினாள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற தலையாட்டல்.

அன்று மாலை எம்.டி. கேட்டபடி ஆங்கிலத்தில் எட்டு வரிக் கடிதம் ஒன்று எழுதினேன். மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்கியது, பயனர் இருமுறை அழுத்தியதே தவறான பதிவுக்குக் காரணம், பதிவேட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. கீழே என் கையெழுத்து. அவர் என்னை மிரட்டவில்லை. வேலை போகும் என்று கூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தார் என்று எழுத முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். "நீங்க பார்த்துட்டீங்க இல்ல, அப்ப சரி" என்று மட்டும் சொன்னார். அவர் நம்பினார். அந்தச் சாய்கோடுகளைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது பேரில் தவறே செய்யாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. அவ்வளவு சின்னக் காரணம்தான்.

மெஹரை அந்த வாரமே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வேறு இரண்டு கூடங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அவள் செய்ததாகச் சொல்லப்பட்டதும் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த இரண்டு நாளில் நாற்பது திரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். வளையத்தை மீண்டும் கொண்டுவந்தேன். திருப்பும் வரியைக் கட்டாயம் ஓடும் இடத்தில் வைத்தேன். சேமித்து முடியும்வரை பொத்தான் அழுந்தாதபடி செய்தேன். முன்பே எனக்குத் தெரிந்த அத்தனையையும் செய்தேன். புதிய பிரதியோடு போகும் மாற்றப் பட்டியலில் "சிறு தோற்ற மாற்றங்கள்" என்று எழுதினேன். அந்தக் கூடத்தில் ஒருவரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

அதே மாதத்தில் ஒரு நாள் நீ வீட்டுக்குள் பந்து விளையாடி விளக்கின் கண்ணாடி மூடியை உடைத்தாய். நான் கேட்டதும், "பந்துதாம்மா பட்டுச்சு" என்றாய். உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அதுவரை உன்னை நான் அடித்ததில்லை. "பந்தை யாருடா எறிஞ்சது?" என்று கத்தினேன். நீ விக்கித்துப் போய் நின்றாய், அழக்கூட இல்லை. உன் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து, "ஒரு மூடிக்கா இவ்வளவு?" என்றார். அன்றைய குறிப்பேட்டில் "மூடி வாங்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். பெரியவனான பிறகு நீ அதைப் பற்றி ஒருமுறை கேலியாகப் பேசினாய், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மெஹர் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சைதாப்பேட்டை சந்தைக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா தையல் இயந்திரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பேருந்து அந்த வழியாகப் போகும்போது மூன்று முறை அவளைக் கடையில் பார்த்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு வேறு பேருந்தில் போகத் தொடங்கினேன். அலுவலகத்துக்கு இருபது நிமிடம் கூடுதல். நீ கேட்டபோது இதில் உட்கார இடம் கிடைக்கும் என்று சொன்னேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நர்ஸ் கவனமில்லாமலே இருமுறை அழுத்தியிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாமலே நீ கையெழுத்துப் போடப் போகிறாய். லாக் என்ன அழுத்தினார்கள் என்று சொல்லும். அழுத்தியவர் கண்ணுக்கு அப்போது என்ன தெரிந்தது என்று சொல்லாது. கையெழுத்துக்கு முன்னால் அந்த மருந்தறைக்குப் போ. அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார். அவள் முதல் தடவை அழுத்தியதற்கும் இரண்டாம் தடவை அழுத்தியதற்கும் நடுவே திரை அவளிடம் என்ன சொன்னது என்று பார். பொறு என்று சொல்லியதா, ஒன்றுமே சொல்லாமல் நின்றதா. வேலை முடிவதற்கு முன்பே யாராவது அம்பைத் திருப்பிவிட்டார்களா. அது நீயாகவே இருந்தாலும் சரி, பார். உங்கள் நிறுவனத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், கேட்காததற்கு மௌனம். நான் அப்படித்தான் பிழைத்தேன்.

உனக்கு இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். அதனால் நேற்று வெள்ளிக்கிழமை காலை சைதாப்பேட்டைக்குப் போனேன். கடை முன்பைவிடச் சிறுத்திருந்தது. பாதியைத் தடுத்து யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார்கள். மெஹர் ஒரு பழைய தையல் இயந்திரத்தின் நூல் சுற்றும் பாபினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயதுக்கு முடி அதிகமாகவே நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து, "வாங்க மேடம். நைனா எப்டி கீறான்? பெரியாளாயிட்டிருப்பானே" என்றாள். உள்ளே வேலையாயிருந்த அவள் அப்பா தலையை நிமிர்த்தி, "யாரும்மா?" என்றார். "லேப்ல இருந்தப்போ தெரிஞ்சவங்கப்பா" என்றாள். எனக்கு முக்காலி போட்டாள். இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். "இதான். கம்ப்யூட்டர்லாம் தொடறதில்ல மேடம். போன்ல காசு அனுப்பறதுகூட என் பொண்ணுதான் அனுப்புவா. என் கை ராசி தெரிஞ்சதுதானே" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் சொன்னேன். இந்தக் கடிதத்தில் எழுதியதை எல்லாம், சாய்கோடு, பன்னிரண்டு நாள், அந்த அறையில் சொன்னது, எட்டு வரிக் கடிதம், சிறு தோற்ற மாற்றங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாபினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் துடைப்பதை நிறுத்தியதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் முடித்ததும் பாபினைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "அப்ப நான் கேட்டேனே மேடம். சுத்தாததாலயான்னு" என்றாள். "ஆமாம். நீ சொன்னதுதான் சரி." "பதிமூணு வருசமா ஒவ்வொரு தொழுகையிலயும் அந்த டீச்சருக்கு துவா கேக்குறேன். என்னைய மன்னிச்சுடச் சொல்லி. என் பொண்ணு பொறந்தப்போகூட மொதல்ல பயந்தேன், இதுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு, ஒரு உசுர எடுத்தவளாச்சேன்னு." நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன் தொலைபேசிப் பேச்சைப் பற்றிச் சொன்னேன், திங்கட்கிழமைக் கையெழுத்தைப் பற்றியும். அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆக, உங்க பையனுக்காக வந்தீங்க" என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். இதையும் நீ அப்படியே தெரிந்துகொள். நீ அந்த ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

"டீச்சர் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" "இன்னும் இல்ல. நாளைக்குப் போறேன்." "போங்க. அவருக்கு என் பேர்தான் தெரியும். லேபுக்கு வந்து என்னையப் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல, பாத்துக்கினே நின்னாரு." இந்தக் கடிதத்தை முடித்ததும் அவர் வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன். மெஹர் உள்ளே போய்த் தன் மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க மேடம். அன்னிக்கு எழுதினீங்களே, அதே மாரி. இங்கிலீஷ்ல வேணாம். எங்கப்பா படிக்கணும்."

எழுதினேன். அந்த ஆசிரியையின் முடிவு தவறாகப் பதிவானதற்குக் காரணம், மென்பொருளில் நான் செய்து மறைத்த மாற்றம். மெஹருன்னிசாமீது எந்தத் தவறும் இல்லை. அன்று நான் கொடுத்த கடிதம் நேர்மையற்றது. ஐந்து வரிக்குமேல் வரவில்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். "தேதி போடல" என்று திருப்பிக் கொடுத்தாள். தேதி போட்டேன். தாளை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குழல்விளக்குக்குக் கீழே போய் நின்று, உதடு அசையப் படித்தார். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள், தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பெரியவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை அழுத்திக்கொண்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "கடையச் சாத்தணும்மா" என்று என்னிடம் சொன்னார், அந்த ஒன்றைத்தான் சொன்னார். நான் எழுந்து தெருவில் இறங்கினேன். எனக்குப் பின்னால் அவர் கடையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.